பசிக்காத வாத்துகள்

4

“பாஸ், கீழ போர்டு மேல ஒரு புறா செத்துக் கெடக்குது. வலியுல்லா பாய் நம்மள வந்து எடுக்கச் சொல்றாரு.”

நோயல் மாடிப்படியைத் தாவித் தாவி ஏறி வந்து மூச்சு வாங்கினான்.

“போர்டு ஜெராக்ஸ் கடையோடதுதானே?” என்றாள் ரத்னா, கையிலிருந்த போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“போர்டு அவருது. ஆனா புறா நம்ம ஜன்னல் பக்கமா கால நீட்டிக்கினு போயிருக்கு. எல்லைத் தகராறு.”

ரத்னா சிரிக்கவில்லை. காலையிலிருந்து ஒரே வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓட விட்டுக்கொண்டிருந்தாள். வெளியே மயிலாப்பூர் கச்சேரி ரோட்டில் மெட்ரோவுக்காகத் தோண்டும் இயந்திரம் உறுமும்போதெல்லாம் மேஜை நடுங்கியது. மேஜை நடுங்கும்போதெல்லாம் அவளுக்குக் கோபம் வந்தது. சொல்லப்போனால் மேஜை சும்மா இருக்கும்போதும் வந்தது.

ரத்னா சிந்தாதிரிப்பேட்டையில் கூவம் கரையோரம் பிறந்தவள். ஒருநாள் அரசாங்கம் வந்து குடிசைகளை இடித்து, மொத்தப் பேரையும் பெரும்பாக்கம் அடுக்குமாடியில் கொண்டுபோய் அடுக்கியது. அங்கிருந்து பஸ் மாறி மாறி வந்து படித்து, அந்த வீட்டில் முதல் பட்டம் வாங்கினாள். பட்டத்தைப் பார்த்தவர்கள் அடுத்து முகவரியைப் பார்த்தார்கள். முகவரியைப் பார்த்ததும் “சொல்லி அனுப்பறோம்” என்றார்கள். யாரும் சொல்லி அனுப்பவில்லை. அவளே துப்பறியும் நிலையம் திறந்துவிட்டாள். பெரும்பாலும் கல்யாணக் கேஸ்கள். மாப்பிள்ளை குடிப்பானா, பெண்ணுக்கு முன்னால் யாராவது உண்டா என்று மோப்பம் பிடிக்கிற வேலை.

அவளுடைய உதவியாள் நோயல் சாந்தோம்காரன். அப்பா, அம்மா, அத்தை, மாமா என்று குடும்பமே வாத்தியார்கள். பேசினதற்காகப் பள்ளிக்கூடத்தில் வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்டவன். இன்னும் உள்ளே போகவில்லை.

“அதே வீடியோதானா?” என்று எட்டிப் பார்த்தான்.

அதேதான். முற்றிய நெல் வயல். கதிர்கள் தலை சாய்ந்து தங்கமாக மின்னின. நடுவில் வரப்பின் மேல் கைலி கட்டிய ஒரு மனிதர் நின்றார். அவர் காலடியில், கதிர்களுக்கு இடையே, வரிசை வரிசையாக வாத்துகள் போய்க்கொண்டிருந்தன. அந்த மனிதர் கேமராவைப் பார்த்துச் சொன்னார்.

“நான் கெளம்புறேம்மா. வாத்த ஓட்டிக்கினு போறேன். என்னத் தேடாதீங்க.”

அவர் பெயர் முருகையன். அடையாறில் ‘வயல்வாசம்’ என்ற கடை நடத்தும் ஸ்ரீரஞ்சனியின் வயலில் வாத்து மேய்த்தவர். மதுராந்தகத்துக்கு அந்தப் பக்கம் வயல். களையையும் பூச்சியையும் வாத்து தின்றுவிடும், எச்சம் உரமாகிவிடும், அது நடக்கிற நடையில் சேறு கலங்கி வேருக்குக் காற்றுப் போகும். மருந்து வேண்டாம், உரம் வேண்டாம். ‘வாத்துகள் உழைத்த அரிசி, ஒரு சொட்டு விஷம் இல்லை’ என்று பாக்கெட்டில் பொன் எழுத்தில் போட்டிருக்கும். அடையாறும் பெசன்ட் நகரும் அதைக் கண்ணில் ஒற்றி வாங்கிக்கொண்டு போகும்.

போன வெள்ளிக்கிழமை முருகையன் மொத்த வாத்துக் கூட்டத்தையும் திருடிக்கொண்டு ஓடிவிட்டார் என்றாள் ஸ்ரீரஞ்சனி. கிளம்பும்போது அவரே அனுப்பிய வீடியோவாம் இது. “போலீஸுக்குப் போக மனசு வரலை ரத்னா. பாவம், பொண்ணு ஒருத்தி இருக்கா. நீங்க விசாரிச்சு ஒரு ரிப்போர்ட் குடுங்க, போதும்” என்று மிருதுவாகச் சொல்லி, வயலிலிருந்து போன வாரம் அறுத்து வந்த நெற்கதிர்க் கொத்து ஒன்றையும் பரிசாகக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். ஜன்னலில் கட்டினால் குருவி வருமாம்.

குருவி வரவில்லை. புறாக்கள் வந்து ஜன்னலை நாசம் செய்துவிட்டுப் போயின. அன்று காலையில்தான் நோயல் அதைக் கழற்றி ஒரு மூலையில் சாய்த்து வைத்திருந்தான்.

கதவு தட்டப்பட்டது.

உள்ளே வந்த பெண்ணுக்கு இருபது இருபத்திரண்டு வயதிருக்கும். தி.நகர் துணிக்கடையின் யூனிஃபார்ம் சேலை. கையில் மூடி போட்ட பிரம்புக் கூடை. கூடை பேசியது.

“க்வாக்.”

“கூடையில இருக்கறவரும் கிளையன்ட்டா?” என்றான் நோயல்.

அவள் அவனைக் கண்டுகொள்ளவில்லை. நேரே ரத்னாவிடம் வந்தாள்.

“அக்கா, நீதானே ரத்னா? நான் நிஷா. முருகையன் பொண்ணு. எங்கப்பாவத் திருடன்னு எழுதிக் குடுக்கப் போறியாமே?”

“யாரு சொன்னது?”

“அந்த மேடம்தான். ‘உங்க ஏரியா பொண்ணத்தான் போட்டுக்கீறேன், அவ சொன்னா நம்புவ இல்ல’ன்னுச்சு. நீயும் பெரும்பாக்கமாமே?”

ரத்னாவின் உள்ளே எதுவோ சுருக்கென்றது. என்னவென்று அப்போது பிடிபடவில்லை.

“உக்காரு. கூடையில இன்னா?”

“வாத்துக்கா. பொறந்ததுலேந்தே கால் நொண்டி. கூட்டத்தோட நடக்காதுன்னு அப்பா எங்கைல குடுத்துட்டாரு. வீட்ல வுட்டுட்டு வந்தா பக்கத்து பிளாக்கு பசங்க கொழம்பு வெச்சிருவானுங்க. கடைக்குப் பின்னாடி செக்யூரிட்டி அண்ணன்கிட்ட வுட்டுட்டு வேலைக்குப் போவேன். அதான் கூடவே தூக்கிக்கினு...” கூடையை மடியில் இறுக்கிக்கொண்டாள். “எங்கப்பா ஒரு கோழிமுட்ட எடுக்க மாட்டாருக்கா. வாரத்துக்கு ஒருவாட்டி போன் பண்ணுவாரு, ‘நீ துன்னியா’ன்னு கூடக் கேக்க மாட்டாரு, ‘நொண்டி துன்னுச்சா’ன்னுதான் கேப்பாரு. இப்போ போனே சுச் ஆப்பு. எனக்குத் திருடனோ நல்லவனோ, எங்கப்பா வேணும். எங்க கீறாருன்னு மட்டும் சொல்லு.”

கூடையின் மூடி தள்ளிக்கொண்டது. வாத்து தலையை நீட்டி, மயிலாப்பூரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தொப்பென்று தரையில் குதித்தது. விந்தி விந்தி நேரே மூலைக்குப் போனது. நெற்கதிர்க் கொத்தில் அலகை விட்டது.

சரக் சரக் சரக்.

“ஏய், ஏய், அது டெக்கரேஷன்!” என்று பாய்ந்தான் நோயல்.

“வுடு” என்றாள் ரத்னா.

அவள் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டிருந்தாள். வாத்தைப் பார்த்தாள். போனைப் பார்த்தாள். மறுபடியும் வாத்தை.

“நிஷா, இதுக்குக் காலைல தீனி வெச்சியா, இல்ல பட்டினியா?”

“கம்பு வெச்சேனே. வவுறு முட்டத் துன்னுட்டுத்தான் வந்துச்சு.”

“வவுறு நெறஞ்ச வாத்தே இந்த மேனிக்குத் துன்னுது. நோயலு, வீடியோவப் பாரு. கதிரப் பாக்காத. வாத்தோட வாயப் பாரு.”

நோயல் குனிந்து பார்த்தான். அவன் முகத்திலிருந்த கிண்டல் மெல்ல வடிந்தது. முற்றிய கதிர்கள் சரியாக அலகு உயரத்துக்குத் தொங்கிக்கொண்டிருக்கின்றன. நூற்றுக்கணக்கான வாத்துகள் நடுவே நடக்கின்றன. ஒன்றுகூட ஒரு மணியைக் கொத்தவில்லை.

“மார்கழி மாசம். எல்லாம் விரதமோ?” என்றான். ஆனால் குரலில் சிரிப்பு இல்லை.

“கதிரு வந்த வயல்ல அப்பா வாத்த எறக்கவே மாட்டாருக்கா” என்றாள் நிஷா மெதுவாக. “பயிரு பச்சையா கீறப்போ வுடுவாரு. கதிரு தல காட்டுனதும் வாத்து பட்டிக்குள்ள. இல்லாங்காட்டி மொத்த நெல்லையும் அதுங்களே காலி பண்ணிடும்.”

“இந்த வீடியோவ நீ பாத்தியா?”

“மேடம் எனக்கும் அனுப்புச்சு. தெனம் பாக்குறேன்.”

“பாத்துமா ஒனக்குத் தோணல?”

நிஷா தலை குனிந்தாள்.

“நான் வாத்தப் பாக்கலக்கா. அப்பா மொகத்தத்தான் பாத்துக்கினு இருந்தேன்.”

ரத்னா வீடியோவை நிறுத்தினாள். அந்த வீடியோவில் இருந்தது நிஜ வயலும் இல்லை, நிஜ வாத்தும் இல்லை. அப்படியானால் அந்த மனிதர்?

“க்...”

வாத்து பின்னால் நகர்ந்தது. நொண்டாத காலும் நொண்டியது. கழுத்து ஒருபக்கமாகச் சரிந்து, அலகிலிருந்து எச்சில் நூலாக ஒழுகியது. நிஷா ஓடி அதைத் தூக்கினாள். இறக்கை விறைத்து நடுங்கியது.

ரத்னா ஜன்னலைப் பார்த்தாள். கீழே போர்டின் மேல் கால் நீட்டிக் கிடந்த புறாவைப் பார்த்தாள்.

“நோயலு! அந்தக் கொத்தத் தொடாத. பிளாஸ்டிக் கவர் எடு. நிஷா, ராயப்பேட்டைல ஒரு வாத்துக் கோழி பாக்குற டாக்டர் கீறாரு, ஆட்டோ புடிச்சு ஓடு. நெல்லுல இன்னா கலந்துக்குதுன்னு கேளு. ஓடு!”

நிஷா ஓடினாள்.

ஸ்ரீரஞ்சனி மேஜை மேல் வைத்துவிட்டுப் போயிருந்த ‘வயல்வாசம்’ அரிசிப் பாக்கெட்டையே நோயல் வெறித்துக்கொண்டிருந்தான். பொன் வயல். தலை சாய்ந்த கதிர். நடுவில் வாத்துகள்.

“பாஸ், இதே வாத்து. இதே வரிசை. இந்தப் பாக்கெட் படம் போட்டது யாருன்னு எனக்குத் தெரியும். எங்க பாரிஷ் பையன், கிளிஃபர்ட். பூசை முடிஞ்சு வர்ற எல்லாருக்கும் இந்தப் பாக்கெட்டைக் காட்டி, ஃபாதர்கிட்ட திட்டு வாங்கினவன்.”

“வண்டிய எடு.”

*

பாண்டி பஜாருக்குப் பின்னால், பொட்டுக் கடைக்கும் பிளவுஸ் தைக்கும் கடைக்கும் நடுவில், ஆள் பக்கவாட்டில் நுழைய வேண்டிய ஒரு படிக்கட்டு. மேலே ஒரு அறை, இரண்டு கம்ப்யூட்டர், ஒரு மியூசிக் கீபோர்டு, மாதா படம். கிளிஃபர்ட் பொங்கல் தள்ளுபடி போஸ்டர் ஒன்றில் கரும்புக்கு நிழல் போட்டுக்கொண்டிருந்தான்.

“மச்சி! கொயர் பிராக்டீஸுக்கு ஏன்டா வர்றதில்ல?”

“என் குரலக் கேட்டா மாதாவே எழுந்து போயிருவாங்கடா. இத பாரு.” நோயல் வீடியோவை ஓட விட்டான்.

கிளிஃபர்டின் முகம் மலர்ந்தது. “சூப்பரா வந்திருக்கில்ல? ஏ.ஐ.ல போட்டது. விளம்பரத்துக்கு. ஆமா, அதுக்குள்ள ரிலீஸ் பண்ணிட்டாங்களா?”

“விளம்பரம்னு யாரு சொன்னாங்க?” என்றாள் ரத்னா.

அவள் கேட்ட விதத்தில் கிளிஃபர்டின் கை மவுஸிலிருந்து நழுவியது.

“ஸ்ரீரஞ்சனி மேடம்தான் சிஸ்டர். ஒரு பழைய கிளிப் குடுத்தாங்க. பச்சை வயல், அந்த வாத்துக்காரரு, வாத்துங்க. வயலை முத்தின வயலா மாத்தணும்னாங்க. ‘போன வாரம் எடுத்த மாதிரி இருக்கணும், நம்ம பாக்கெட் மாதிரியே போடு’ன்னாங்க. நான் வாத்தையும் பாக்கெட்லேந்தே எடுத்துப் போட்டுட்டேன்.”

“நெல்லு நடுவுல வாத்து நடந்தா நெல்லத் துன்னாதான்னு உனக்குத் தோணவே இல்லையா?”

“சிஸ்டர், நான் வாத்தைத் தட்டுலதான் பாத்திருக்கேன்.”

ரத்னா பல்லைக் கடித்தாள். தட்டில் மட்டும் பார்த்தவன் படம் போடுகிறான். பாக்கெட்டில் மட்டும் பார்த்தவள் வயல் நடத்துகிறாள். சேற்றில் நின்றவர் திருடன்.

“கொரலு?”

“பழைய வாய்ஸ் மெசேஜ்லேந்து எடுத்துச் செஞ்சது. ‘என்னத் தேடாதீங்க’ன்னு முடிச்சா ஜனங்க வயலுக்கே தேடி வருவாங்கன்னு மேடம் சொன்னாங்க. கரகரன்னு இருந்துச்சு. அவரையே ஒருதடவ பேசச் சொல்லி அனுப்புங்கன்னு கேட்டேன். ‘அவரால இப்போ பேச முடியாது’ன்னாங்க. அப்புறம் உடனே, ‘ஊருக்குப் போயிட்டார், அங்க சிக்னல் இல்ல’ன்னு சொன்னாங்க.”

“சிக்னல் இல்லாத ஊர்லேந்து வீடியோ மட்டும் வந்துடுச்சா?” என்றான் நோயல்.

கிளிஃபர்ட் நாற்காலியோடு திரும்பினான். “மச்சி, இன்னாடா பிரச்சினை? நான் ஏதாவது தப்புப் பண்ணிட்டேனா?”

“பழைய கிளிப்பு, அவங்க கேட்டது, எல்லாத்தையும் இவனுக்கு அனுப்பு” என்றாள் ரத்னா. “இப்போவே. நான் இங்க நிக்கும்போதே.”

கிளிஃபர்ட் அனுப்பினான். பச்சை வயலில் நிஜ முருகையன் நின்றார். அவர் வேறு என்னவோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். நிஜ வாத்துகள் ஒரு கணம்கூடத் தலை நிமிரவில்லை. சேற்றில் அலகை விட்டுத் துழாவிக்கொண்டே இருந்தன.

போன் அடித்தது. நிஷா.

“அக்கா.” பின்னால் ராயப்பேட்டை ஹாரன்கள். “போயிடுச்சுக்கா. டாக்டரு கையில வாங்கும்போதே போயிடுச்சு. வயலுக்கு அடிக்கிற பூச்சி மருந்துன்னாரு. இந்த மாதிரி நெறைய பாத்துக்கீறாராம்.”

ரத்னா கண்ணை மூடினாள்.

“ஒரு சொட்டு விஷம் இல்லன்னுதானேக்கா போட்டுக்கீறாங்க? அப்போ எங்கப்பா அந்த வயல்ல...”

ரத்னா படிக்கட்டில் இறங்கத் தொடங்கியிருந்தாள்.

“நிஷா, அங்கியே ஆட்டோ புடி. அடையாறு வா. சிக்னல்ல நின்னு எனக்குப் போன் பண்ணு.”

*

திரு.வி.க. பாலத்தில் வண்டி ஊர்ந்தது. கீழே அடையாறு கறுப்பாகக் கிடந்தது. நோயல் ஒரு ஹாரனும் அடிக்காமல் ஓட்டினான். அது அவனுக்கு வழக்கமில்லை.

“பாஸ். உயிரோட இருக்காரா?”

“தெரியல.”

“அவங்கள எப்படிக் கேக்கப் போறே? நாம ஒண்ணு கேட்டா அவங்க வக்கீலக் கூப்பிடுவாங்க.”

“கேக்கப் போறதில்ல. சொல்லப் போறேன்.”

“இன்னா சொல்லப் போறே?”

“பொய்” என்றாள் ரத்னா. “உன் போன்ல ரெக்கார்டிங்க ஆன் பண்ணி சட்டைப் பாக்கெட்ல போடு. வாயத் தொறக்காத.”

‘வயல்வாசம்’ கடை ஏ.சி.யில் வெட்டிவேர் மணத்தது. சுவரில் பெரிய போஸ்டர்: பொங்கலன்று வாடிக்கையாளர்களுக்கு வயலில் அறுவடைத் திருவிழா, குழந்தைகளுக்கு வாத்து ஊர்வலம். வாத்து என்ற சொல்லின் மேல் புதிதாக ஒரு தாள் ஒட்டி ‘மாட்டு வண்டி’ என்று மாற்றியிருந்தார்கள்.

கல்லாவுக்குப் பின்னாலிருந்து ஸ்ரீரஞ்சனி எழுந்து வந்தாள். கைத்தறிச் சேலை, அளவான புன்னகை. கண்ணுக்குக் கீழே மட்டும் கறுப்பு. பல நாள் தூங்காத கறுப்பு.

“வாங்க ரத்னா. ரிப்போர்ட் ரெடியா?”

“ரெடி மேடம். நல்ல சேதி.” ரத்னா சிரித்தாள். அவள் சிரித்தால் நோயலுக்கே பயமாக இருக்கும். “முருகையனைக் கண்டுபிடிச்சிட்டோம். நேர்லயே பாத்துப் பேசிட்டோம். நடந்தது மொத்தத்தையும் அவர் வாயாலயே சொல்லிட்டார்.”

ஸ்ரீரஞ்சனியின் கை காற்றில் நின்றது.

“அது எப்படி?” என்றாள். வார்த்தை அவளைக் கேட்காமலே வந்துவிட்டது. “தொண்டையில ட்யூப் போட்டிருக்கும்போது அவர் எப்படிப் பேசுவார்?”



நோயலால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. “மேடம், ட்யூப் பத்தி நாங்க ஒண்ணும் கேக்கலையே.”

ஸ்ரீரஞ்சனி பக்கத்திலிருந்த அரிசி மூட்டையின் மேல் அப்படியே உட்கார்ந்தாள்.

“எந்த ஆஸ்பத்திரி?” என்றாள் ரத்னா.

ஸ்ரீரஞ்சனி மூட்டையின் தையல் நூலைப் பிடித்து இழுத்தாள்.

“எந்த ஆஸ்பத்திரி?” கோபம் தலைக்கேறினால் ரத்னாவின் தமிழ் சிந்தாதிரிப்பேட்டைக்குத் திரும்பிவிடும். திரும்பிவிட்டது. “அந்தப் பொண்ணு தெனம் பொய் வீடியோவப் போட்டுப் போட்டு அழுதுக்கினு கீது. எங்க வெச்சிக்கீற அந்த ஆள?”

“பின் தெருவுல. தெரிஞ்ச நர்சிங் ஹோம்.” ஸ்ரீரஞ்சனியின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. “நான் அவரைச் சாகடிக்கப் பாக்கலை ரத்னா. காப்பாத்தத்தான் பாக்கறேன். கதிர் வந்ததும் வாத்தைப் பட்டியில அடைச்சிட்டார். அதுக்கப்புறம் புகையான் பூச்சி விழுந்துது. வயல் வட்டம் வட்டமா காஞ்சு போச்சு. பொங்கலுக்கு அத்தனை பேர் வர்றாங்க. நான் பயந்துட்டேன். அவர் இல்லாத நேரத்துல ஆள் வெச்சு மருந்து அடிச்சேன். ஒரே ஒரு தடவைதான்.”

“அப்பறம்?”

“வயல் தண்ணி வாய்க்கால்ல எறங்கும்னு எனக்குத் தெரியாது. பட்டி வாய்க்காலை ஒட்டித்தான் இருக்கு. வாத்தெல்லாம் தண்ணியில மிதந்துது. அவர் வந்து பாத்தார். வேண்டாம், எறங்காதீங்கன்னு நான் கத்தினேன். கேக்கலை. கழுத்தளவு தண்ணியில நின்னு ஒவ்வொண்ணா தூக்கித் தூக்கிக் கரையில போட்டார். ஒண்ணுகூடப் பிழைக்கலை. ஏறி வந்தார். அது அவருக்குத் தெரியறதுக்குள்ள விழுந்துட்டார்.”

“திருடிக்கினு ஓடிட்டாருன்னு சொன்ன?”

“வாத்து எங்கேன்னு எல்லாரும் கேப்பாங்களே. செத்துப்போச்சுன்னா ஏன்னு கேப்பாங்க.” அவள் முகத்தைப் பொத்திக்கொண்டாள். “அவருக்கு ட்யூப் எடுத்ததும் கையில கால்ல விழுந்து சரி பண்ணிடலாம்னு நினைச்சேன். அதுவரைக்கும் நிஷா போலீஸுக்குப் போகாம இருக்கணும். நான் சொன்னா அவ நம்பமாட்டா. நீங்க சொன்னா நம்புவா. நீங்களும்... அந்தப் பக்கம்தானே.”

காலையில் சுருக்கென்றது எது என்று ரத்னாவுக்கு இப்போது புரிந்தது.

மயிலாப்பூரில் எத்தனையோ பெரிய துப்பறியும் நிறுவனங்கள் இருக்க, இவள் ஏன் தேடிப் பிடித்து ஜெராக்ஸ் கடை மாடிக்கு ஏறி வந்தாள்? கெட்டிக்காரி என்று வரவில்லை. பெரும்பாக்கத்து வாயிலிருந்து வந்தால் பெரும்பாக்கத்துக் காதில் பொய் சுலபமாக இறங்கும் என்று வந்தாள். அந்தப் பட்டம், அந்தப் பஸ், அந்தப் பத்துக்குப் பத்து வீட்டில் விழித்துப் படித்த படிப்பு எல்லாம் இவளுக்குத் தேவைப்படவில்லை. முகவரி மட்டும் போதுமாக இருந்தது.

அறைந்திருப்பாள். நோயல் நடுவில் வந்து நின்றான்.

“வேணாம் பாஸ். எல்லாம் பதிவாயிருக்கு” என்று பாக்கெட்டைத் தட்டினான். “கிளிஃபர்ட் அனுப்பினதும் இருக்கு. ஸ்டேஷன் பக்கத்துலதான். நீ அறைஞ்சா கேஸு நம்ம மேல திரும்பிடும்.”

ரத்னா கையை இறக்கினாள். அலமாரியில் அழகாக அடுக்கியிருந்த பாக்கெட்டுகளைக் காட்டினாள்.

“இது அந்த வயல் நெல்லா?”

“இல்ல... இது போன வருஷத்துது. சத்தியமா.”

“அப்போ எனக்குக் குடுத்த கதிரு? ஜன்னல்ல கட்டு, குருவி வரும்னியே?”

ஸ்ரீரஞ்சனி நிமிர்ந்து பார்த்தாள். அவள் அதை யோசித்தே பார்க்கவில்லை என்பது அந்த முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. “அது... கடையில அழகுக்கு அறுத்து வந்த கொத்து. அதுல போய் என்ன இருக்கும்னு...”

“ஒரு புறா. ஒரு வாத்து” என்றாள் ரத்னா. “குருவி தப்பிச்சிடுச்சு.”

*

நர்சிங் ஹோம் வாசலில் நிஷா ஆட்டோவிலிருந்து இறங்கினாள். கூடை கையிலேயே இருந்தது. மூடியின் மேல் தன் கைக்குட்டையை விரித்து மூடியிருந்தாள்.

“உயிரோட கீறாரு” என்றாள் ரத்னா. முதலில் அதைத்தான் சொன்னாள். மற்றதையெல்லாம் படியேறும்போது சொன்னாள்.

கூடையை உள்ளே விட மாட்டேன் என்றான் வாசல்காரன். நோயல் இரண்டு கையையும் நீட்டி அதை வாங்கிக்கொண்டான். ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை. வேப்பமரத்தடியில் தூங்குகிற குழந்தையை ஏந்துவதுபோல் ஏந்தி நின்றான்.

மாடியில் கண்ணாடிக் கதவு. உள்ளே ஒற்றைக் கட்டில். நர்ஸ் வழி மறித்தாள்.

“பேஷண்ட் கபாலிக்கு நீங்க யாரும்மா?”

“கபாலியா?”

“வயல்வாசம் மேடத்தோட வாட்ச்மேன் கபாலி. கடன் தொல்லைல மருந்தக் குடிச்சிட்டார்னு கொண்டு வந்து சேத்தாங்க. பொண்டாட்டி புள்ள யாருமில்லன்னாங்களே?”

நிஷா அவளைத் தாண்டி உள்ளே போனாள். கட்டிலின் கால்மாட்டில் ஒரு சின்ன வெள்ளைப் பலகை தொங்கியது. மார்க்கரில் கபாலி என்று எழுதியிருந்தது. அவள் சேலை முந்தானையை விரலில் சுற்றி, அந்தப் பெயரை அழுத்தித் துடைத்தாள். யூனிஃபார்ம் சேலை கறையானது. அதைப் பற்றி அவள் கவலைப்படவில்லை.

“மார்க்கர் குடுங்க.”

“அதெல்லாம் ஆபீஸ்ல கேட்டுத்தான்...”

“குடு” என்றாள் ரத்னா.

நர்ஸ் கொடுத்தாள். நிஷா எழுதினாள். முருகையன்.

கட்டிலில் கிடந்தவரின் கண்கள் திறந்திருந்தன. தொண்டையில் குழாய். கை கால் எல்லாம் தோல் உரிந்து திட்டுத் திட்டாக இருந்தது. மகளை அடையாளம் கண்டுகொண்டார். கண்ணோரம் நீர் வழிந்து காதுக்குள் போனது. வலது கையைக் கொஞ்சமாகத் தூக்கினார். கட்டை விரலும் மற்ற விரல்களும் சேர்ந்தன. பிரிந்தன. மறுபடி சேர்ந்தன.

அலகு.

நர்ஸுக்குப் புரியவில்லை. “தினம் இதத்தான் பண்றாரு. தண்ணி கேக்கறார்னு நெனச்சோம்” என்றாள்.

நிஷா அந்த விரல்களைத் தன் இரண்டு கைக்குள்ளும் பொத்தினாள். ரத்னாவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அப்பாவின் காதருகே குனிந்தாள்.

“எல்லாம் பட்டிக்குள்ளதான் கீதுப்பா. நல்லா துன்னுதுங்க. நொண்டி கீதுல்ல, அதான் எல்லாத்துக்கும் மேல துன்னுது.”

முருகையனின் விரல்கள் தளர்ந்தன. கண் மெல்ல மூடியது. இயந்திரத்தின் சத்தத்தோடு அவர் மார்பு ஏறி ஏறி இறங்கியது.

பொய்யைப் பிடிப்பதுதான் ரத்னாவின் தொழில். நிஷா சொன்ன இந்தப் பொய்யை மட்டும் பிடிக்காமல், சத்தம் வராமல் கதவைச் சாத்திவிட்டு, போலீஸ் ஸ்டேஷனுக்குப் போக நோயல் நின்ற மரத்தடியை நோக்கி இறங்கினாள்.